ஏழாம் லைன் டோக்கன்

உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருக்கிறேன். கான்பரன்ஸ் ஹால் வாசலில் போட்டிருக்கிற இந்தப் பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம், நான் ஓரத்தில் ஒடுங்கியிருக்கிறேன், இன்னும் இரண்டு பேர் வரப்போகிறார்கள் என்பதுபோல. யாரும் வரமாட்டார்கள். இன்றைக்குச் சாட்சி இரண்டே பேர். முதல் சாட்சி, ஏழாம் லைன் சூப்பர்வைசர் தனசேகர், உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் சாட்சி நான். கண்ணாடிக் கதவின் மேல்பாதியில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியாது, மேஜைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிகின்றன. பளபளக்கிற கறுப்பு ஷூ விசாரணை அதிகாரி, மதுரையிலிருந்து வந்திருக்கிற வக்கீல். பிரவுன் ஷூ எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் விஸ்வேஸ்வரன் சார். கொஞ்சம் உயரமான செருப்பு டைப் அடிக்கிற கோகிலா. சுவர் ஓரமாக ரப்பர் செருப்பு, ஒரு கால் மேல் இன்னொரு கால், அது பேச்சியம்மாள். பேச்சிக்கா. பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தவள், பதினெட்டு நாளாக சஸ்பெண்டில் இருப்பவள். டோக்கன் இல்லாமல் மிஷினை விட்டு எழுந்து பாத்ரூம் போனாள், திரும்பி வந்து சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினாள், குற்றச்சாட்டு இவ்வளவுதான். நிரூபணமானால் வேலை போய்விடும். நிரூபிக்க வேண்டியவள் நான்.

ரெண்டு நிமிஷ வேலை ஜெனோவா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, ரிஜிஸ்டர் உங்க கையெழுத்துதானான்னு கேட்பாங்க, ஆமான்னு சொல்லிட்டு வந்துடுங்க, என்று காலையில் விஸ்வேஸ்வரன் சார் சொன்னார். நல்ல மனுஷன். குழந்தை பிறந்தபோது வீட்டுக்கு ஆள் அனுப்பி கொசுவலை கொடுத்தவர். கொசுவலையை இப்போது ஏன் நினைக்கிறேன். அதற்குள்ளேதான் பாப்பா தூங்குகிறாள், இந்நேரம் பக்கத்து வீட்டு ஷகிலாக்கா புட்டியைக் காட்டியிருப்பாள், பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள், பிறகு குடித்திருப்பாள், இல்லை புரையேறியிருக்கும். புரையேறினால் ஷகிலாக்காவுக்கு உடனே கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டத் தெரியும், நான்கு பிள்ளை வளர்த்தவள், தெரியும். தெரியும் என்று தினமும் பதினோரு மணிக்கு ஒருதரம் சொல்லிக்கொள்கிறேன். மணி பதினொன்று இருபது. பதினொன்று ஆனால் மார்பு தானாகக் கனத்துவிடுகிறது, அதற்குள் யாரோ கடிகாரம் வைத்துத் தைத்துவிட்ட மாதிரி. மூளை மறந்தாலும் அது மறப்பதில்லை. சேலையை இழுத்து விட்டுக்கொள்கிறேன். கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளே வைத்திருக்கிறேன், நனைந்தால் இன்னொன்று பையில் இருக்கிறது, பை கீழே டேபிளில் இருக்கிறது, கீழே போக வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது. உள்ளே விசாரணை நடக்கிறது, வெளியே யாருமில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் போக முடியவில்லை. இதை எழுதிக் காட்டினால் யாராவது சிரிப்பார்கள்.

கான்வென்டில் நாலாம் வகுப்பிலிருந்து வகுப்புக்கு ஒரு மரப்பலகை இருந்தது, உள்ளங்கை அகலம், கயிறு கோத்தது. வகுப்பை விட்டு வெளியே போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மே ஐ கோ அவுட் சிஸ்டர் என்று கேட்க வேண்டும், சிஸ்டர் ரோஸலின் தலையை அசைப்பார், அசைக்காமலும் இருப்பார். பலகைக்குப் பொறுப்பு வகுப்புத் தலைவி, அதாவது நான். ஒன்பது வருஷத்தில் ஒருதரம்கூட எனக்காக நான் அதை மாட்டிக்கொண்டதில்லை. அட்டெண்டன்ஸ் நோட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் மாட்டிக்கொள்வேன், வராந்தாவில் பலகை இல்லாமல் நடந்தால் கேட்பார்கள். மற்றபடி காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை அடக்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுவேன், அம்மா என் பின்னாலேயே வந்து, ஏன்டி, உங்க ஸ்கூல்ல கக்கூஸே இல்லையா என்பாள். இருந்தது, ஒன்பது இருந்தது. ஆண்டுவிழாவில் நன்னடத்தைப் பரிசு எனக்கு. ஜெனோவா எதற்கும் வெளியே போகக் கேட்டதே இல்லை என்று மைக்கில் சொன்னார்கள், கைதட்டினார்கள். கைதட்டல் வாங்கிய உடம்பு அதை மறக்குமா. வெள்ளி முலாம் பூசிய ஒரு சின்னக் கோப்பை, இப்போது அதில் பாப்பாவின் ஊக்குகள் கிடக்கின்றன.

அங்கே பலகை, இங்கே டோக்கன். சிவப்புப் பிளாஸ்டிக் அட்டை, ஏழு என்று எழுதியது, கழுத்தில் மாட்ட ஒரு நாடா. லைனில் மிஷின் ஓட்டுகிற முப்பத்திநாலு பேருக்கு ஒரு டோக்கன். தூணில் ஓர் ஆணி, ஆணியில் டோக்கன், தூணுக்குப் பக்கத்தில் என் டேபிள். நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்கு வைத்தார்கள், காரணம் என்ன, நாலு கட்டம். காரணம் என்கிற கட்டத்தில் எல்லாருக்கும் பாத்ரூம் என்றே எழுதுவேன், பிறகு மேலே ஒன்று எழுதிவிட்டு கீழே இரண்டு புள்ளி வைக்கப் பழகிவிட்டேன். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியாக இருக்கும். முதல் வாரமே ஒன்று கவனித்தேன். சில நாள் சில மிஷினின் விளக்குக் கம்பியில் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருக்கும், வேஸ்ட் நூல், விரல் நீளம். தூசி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த மூன்று நாளில் இருக்கிறவள் சுற்றி வைக்கிறாள். நூல் இருந்தால் டோக்கன் முதலில் அவளுக்கு, வரிசையெல்லாம் அப்புறம். யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. சூப்பர்வைசருக்குத் தெரியாது, ஹெச்.ஆருக்குத் தெரியாது. எங்கேயும் எழுதியில்லை, ஆனால் ஒருத்திகூட மீறி நான் பார்த்ததில்லை. கேட்டிலே ஒட்டியிருக்கிற நிலையாணைகள், அதாவது கம்பெனி விதிகள், பதினெட்டுப் பக்கம், தமிழில் நான்தான் டைப் அடித்தேன், அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. படிக்காத சட்டம் சுவரில் இருக்கிறது, எழுதாத சட்டம் விளக்குக் கம்பியில் இருக்கிறது.

இந்த வாக்கியத்தை அன்றைக்கே யோசித்து வைத்திருந்தால் பரீட்சையில் எழுதியிருக்கலாம். அதே சிஸ்டர்கள் நடத்துகிற கல்லூரியில் சமூகவியல், பிறகு தபாலில் தொழிலாளர் சட்டம் டிப்ளமா. கடைசிப் பரீட்சையில் ஒரு கேள்வி: வேலை என்பது சமமான இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தமா? விவாதிக்க. பதினாலு பக்கம் விவாதித்தேன். ஒருகாலத்தில் ஒருவன் பிறந்த இடம் அவன் வேலையைத் தீர்மானித்தது, இப்போது அவன் போடுகிற கையெழுத்து தீர்மானிக்கிறது, ஆகவே மனிதன் விடுதலை அடைந்தான் என்று முதல் ஏழு பக்கம். பசித்தவனின் கையெழுத்தும் வயிறு நிறைந்தவனின் கையெழுத்தும் ஒரே மையில் இருந்தாலும் ஒன்றல்ல, ஆகவே அடையவில்லை என்று அடுத்த ஏழு பக்கம். அறுபத்தொரு மார்க். இரண்டு பக்கமும் சமமாக எழுதினால் அறுபத்தொன்று கிடைக்கும். இன்றைக்கு உள்ளே போனால் இரண்டு பக்கமும் எழுத விடமாட்டார்கள். அப்போது எனக்கு விட்டுப்போனது ஒன்று உண்டு. தொழிலாளி விற்பது தன்னை அல்ல, தன் நேரத்தை என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன், சரி என்றுதான் பட்டது. ஆனால் நேரத்தை மட்டும் டிபன் கேரியரில் போட்டு அனுப்ப முடியாது, கூடவே உடம்பும் வர வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேரத்தை வாங்கினவர்களுக்கு உடம்பு ஒரு உபரி, சரக்கோடு வருகிற சாக்கு மாதிரி. சாக்குக்கு மூத்திரம் வருகிறது, சாக்குக்கு ரத்தம் வருகிறது, சாக்குக்குப் பால் வருகிறது. அதற்காகத்தான் ஆணியும் நாலு கட்டமும்.

பால். சட்டப்படி குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை ஒருநாளைக்கு இரண்டு தடவை பால் கொடுக்கப் போகலாம், ஓய்வு வேளை போக. அந்த நோட்டீஸையும் நான்தான் டைப் அடித்தேன், கர்ப்பமாக இருந்தபோது, நாலாம் மாதம். குழந்தைகள் காப்பகம்கூட இருக்கிறது, கீழ்த்தளத்தில், சுவரில் வாத்தும் முயலும் வரைந்த அறை. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று திறப்பார்கள், இரண்டு ஹெல்பர்களின் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள், பலூன் கட்டுவார்கள். மற்ற நாள் பூட்டு, சாவி ஹெச்.ஆரில். அந்தச் சாவியை நான் கேட்டிருக்கலாம். சார், எனக்குச் சட்டப்படி இரண்டு இடைவேளை உண்டு, வாத்து ரூம் சாவி கொடுங்கள். கேட்கவில்லை. என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, முப்பதாம் தேதி காகிதம் வர வேண்டும், இன்றைக்கு இருபத்தேழு. ஆறு மாதம் லீவில் இருந்துவிட்டு வந்தவள் வந்த முதல் வாரமே சட்டம் பேசினாள் என்று ஆகிவிடும். ஆகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். என்னை அடக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை, நான் பரிசு வாங்கியவள்.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, லீவு முடிந்து வந்த ஏழாம் நாள். பத்தரையிலிருந்தே பால் கட்டிக்கொண்டு வலித்தது, இடதுபக்கம் கல் மாதிரி, கை தூக்கினால் அக்குள் வரை இழுத்தது. கட்டியாக மாறிவிடும், கட்டியானால் அறுப்பார்கள், அறுத்தால் பால் நின்றுவிடும், நின்றால் பாப்பா மெலிந்துவிடுவாள், இப்படி ஒரு படிக்கட்டு எனக்குள் எப்போதும் இருக்கிறது, கால் வைத்தால் கடைசிப் படி வரை போய்த்தான் நிற்பேன். மாடியில் ஸ்டாஃப் பாத்ரூம் மேனேஜர் கேபினுக்கு நேர் எதிரே, உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கீழே தொழிலாளிகளின் பாத்ரூமுக்குப் போனேன், கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் நன்றாக விழும். எழுந்தேன். கை தூணுக்குப் போனது. டோக்கனை எடுத்தேன், கழுத்தில் மாட்டினேன், நடந்தேன். ஸ்டாஃபுக்கு டோக்கன் தேவையில்லை. எனக்குத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும், அந்த விதியை டைப் அடித்ததும் நானே. ஆனால் வராந்தாவில் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் நடக்க என் கால்களுக்குத் தெரியாது. பத்து நாற்பத்தெட்டு. ரிஜிஸ்டரில் எழுதவில்லை, ஏனென்றால் ரிஜிஸ்டர் எனக்கானது இல்லை. கடைசி அறையில் நின்றுகொண்டு பீச்சி விட்டேன், கழிவறைக் குழியில் வெள்ளையாக விழுந்தது, வலித்தது, பாப்பாவுடையதைக் கொட்டுகிறோம் என்று கண்ணில் நீர் வந்தது, அதையும் ஒரு பக்கத்திலிருந்து நானே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ ஒருத்தி அழுவதைப் பார்ப்பதுபோல.

இடதுபக்கம் முடித்து வலதுபக்கம் முடித்து வெளியே வந்து கை கழுவும்போது வாசலில் சத்தம். செக்யூரிட்டி அக்கா, ஏய், டோக்கன் எங்கடி என்கிறாள். பேச்சிக்கா, தள்ளிக்கடி, வந்து சொல்றேன், இல்லாட்டி இங்கயே போயிருவேன், நீதான் கழுவணும் என்று அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தாள். சேலையின் பின்பக்கத்தைக் கையால் சேர்த்துப் பிடித்திருந்தாள். போய்விட்டு வந்தாள். குழாயடியில் என்னைப் பார்த்தாள். என் ஜாக்கெட்டைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்திருந்தது. அதற்கு நடுவில் சிவப்பாகத் தொங்கியதையும் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது என்ன என்று பதினெட்டு நாளாக யோசிக்கிறேன், கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிது. என்னம்மா, கட்டிக்கிருச்சா, வெந்நித் துணிய வச்சு ஒத்தடம் குடு, கல்லு கரையுறாப்புல கரைஞ்சுரும், என்றாள். மேடம் என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள், அன்றைக்கு அம்மா. பிறகு கையை உதறிக்கொண்டே, நீ எதுக்குத்தா இந்தத் தாலியக் கட்டிக்கிட்டு அலையுற, என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் பின்னால் வருவதற்குள் தனசேகர் பிடித்துக்கொண்டார். காலர் தைக்காமல் பண்டில் குவிந்து கிடந்தது, அவருக்கு மேலே இருப்பவர் அவரைத் திட்டியிருந்தார். யாரக் கேட்டு எந்திரிச்ச, டோக்கன் இல்லாம போற அளவுக்கு ஆயிருச்சா, என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தினார். டோக்கன் ஆணியில இல்ல சார், நானும் இருபது நிமிஷமாப் பார்க்கிறேன், என்றாள் பேச்சிக்கா. இதற்கு அடுத்த ஐந்து வினாடிதான். அவர் முதுகு என் பக்கம். தூண் என் கை எட்டுகிற தூரம். நான் டோக்கனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தேன், அப்படித்தானே பழக்கம். அவர் திரும்பினார், கையை நீட்டினார், இந்தா தொங்குதே, கண்ணு அவிஞ்சு போச்சா என்றார். ஆணியில் டோக்கன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பேச்சிக்கா ஆணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தது, என் பெயர் வரப்போகிறது என்று நினைத்தேன், வந்தது வேறு. மிஷினுக்கு எண்ணெ விட அர மணி நேரம் நிறுத்துறீங்கள்ல சார், அது மட்டும் என்ன, உங்க அக்கா மகளா? லைனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் சஸ்பெண்ட். டோக்கன் வெறும் காரணக் கட்டம்.

அவள் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம் ஃபைலில் இருக்கிறது, நான்தான் வரிசை எண் போட்டேன். டோக்கன் ஆணியில் இல்லாததால் அவசரம் தாங்காமல் போனேன். யாரிடம் இருந்தது என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாளா, எழுதினால் யார் நம்பப்போகிறார்கள் என்று விட்டாளா, ஸ்டாஃபை இழுத்தால் இன்னும் மோசமாகும் என்று கணக்குப் போட்டாளா. பார்த்த முப்பது பேரும் தாங்கள் மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மிஷினைப் பார்ப்பதற்குத்தான் அவர்களை வைத்திருக்கிறது. ரிஜிஸ்டரில் பத்து நாற்பதுக்குப் பிறகு பதினொன்று இருபது வரை ஒரு பதிவும் இல்லை. ஆகவே டோக்கன் ஆணியில் இருந்தது. ஆகவே வேண்டுமென்றே எடுக்காமல் போனாள். என் எழுத்து முத்து மாதிரி இருக்கும் என்பார்கள். முத்து மாதிரி ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி பாப்பா தூங்கின பிறகு இன்றைக்குச் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஆம், இது என் கையெழுத்து. ஆம், அந்த நேரத்தில் பதிவு எதுவும் இல்லை. இரண்டும் உண்மை. என் கணவர் சகாயராஜ் எட்டிப் பார்த்தார், கூரியர் வேன் ஓட்டிவிட்டு வந்த களைப்பு. உண்மைய மட்டும் சொல்லு ஜெனோ, ஆனா கேட்டதுக்கு மட்டும் சொல்லு, என்றார். இதைவிடப் பத்திரமான யோசனை கிடையாது. உண்மை மட்டும், கேட்டது மட்டும். அந்த இரண்டு மட்டுமுக்கு நடுவில் ஒரு மனுஷி நசுங்குகிறாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. முப்பதாம் தேதி காகிதம் வரவில்லை என்றால் ஷகிலாக்கா வேண்டாம், நானே பாப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம், நாள் முழுக்கப் பால் கொடுக்கலாம், ஆனால் மாடி அறையின் வாடகை வேனிலிருந்து மட்டும் வராது. இதெல்லாம் வழக்கமான கணக்கு, எந்தச் சாட்சிக்கும் இருப்பது. எனக்குத் தொண்டையில் நிற்பது இது இல்லை. எனக்கு நிற்பது நூல். அன்றைக்கு பேச்சிக்காவின் விளக்குக் கம்பியில் நூல் இருந்தது. நான் டோக்கனை எடுப்பதற்கு முன்னால் பார்த்தேனா, திரும்பி வந்த பிறகு பார்த்தேனா. பிறகுதான் பார்த்தேன் என்று பதினெட்டு நாளாகச் சொல்லிக்கொள்கிறேன். திரும்பி வந்தபோது ரிஜிஸ்டரையும் ஆணியையும் தவிர எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லிக்கொள்கிறேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும். எழுந்தேன், கை தூணுக்குப் போனது, கண் லைன் பக்கம் போனது, மூன்றாம் மிஷின், வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பு. பார்த்தேன். வலி என்னுடையது, அதனால் எடுத்தேன். முப்பத்திநாலு பேரில் ஒருத்திகூட மீறாததை, டோக்கனே தேவையில்லாத நான் மீறினேன்.

கதவு திறந்தது. தனசேகர் வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார், போங்க மேடம், ஏசி ஜில்லுனு இருக்கு, என்றார் ஏதோ தியேட்டர் போல. உள்ளே போனேன். நாற்காலி காட்டினார்கள். இதுவரை கால்களாக இருந்தவர்களுக்கு முகம் இருந்தது. வக்கீலுக்குத் தூக்கம் வருகிற கண். பேச்சிக்கா இளைத்திருந்தாள், மடியில் ஒரு துணிப்பை. ரிஜிஸ்டரைத் திறந்து என் முன்னால் வைத்தார்கள். இது உங்க கையெழுத்தா? ஆமா சார். ஒன்பதாம் தேதி பத்து நாற்பதிலிருந்து பதினொன்று இருபது வரை டோக்கன் எடுத்ததா பதிவு இருக்கா? இல்ல சார். கோகிலா தட்டுகிற சத்தம். விஸ்வேஸ்வரன் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், முடிந்தது என்று அர்த்தம். சிஸ்டர் ரோஸலினின் அதே தலையசைப்பு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். வக்கீல், இரும்மா, என்றார், பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, சாட்சியை நீங்க குறுக்கு விசாரணை பண்ணலாம், ஏதாவது கேட்கணுமா என்றார். அது ஒரு சம்பிரதாயக் கேள்வி, சட்டத்தில் இருக்கிறது, கேட்டே ஆக வேண்டும். ஒண்ணே ஒண்ணு, என்றாள் பேச்சிக்கா. கேட்டால் சொல்லத்தான் வேண்டும். கேட்டதுக்கு மட்டும்.

பாப்பாவுக்கு இப்ப எத்தன மாசம் மேடம்?

இது சம்பந்தமில்லாத கேள்வி, வேற கேளுங்க, என்றார் வக்கீல். அம்புட்டுதான் சார், சும்மா தெரிஞ்சுக்கலாம்னு, என்றாள். கோகிலாவைப் பார்த்து, இத போட வேணாம் என்றார் வக்கீல். பேச்சிக்கா துணிப்பையைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் தந்திரமோ ஜாடையோ ஒன்றும் இல்லை, தேடினேன், இல்லை. குழாயடியில் ஒத்தடம் சொன்ன அதே முகம். வேலை போகப்போகிற இடத்தில் உட்கார்ந்து கிடைத்த ஒரே கேள்வியை என் குழந்தைக்குச் செலவழித்துவிட்டாள். எனக்குக் கைக்குட்டை முழுக்க நனைந்திருந்தது. ஏழு மாசம், என்றேன். அதுக்குப் பதில் வேணாம்னு சொல்லிட்டேனேம்மா, என்றார் வக்கீல். சம்பந்தம் இருக்கு சார், என்றேன். என் குரல் அட்டெண்டன்ஸ் வாசிக்கிற குரலாக இருந்தது, ஏற்ற இறக்கமில்லாமல், அதுதான் எனக்குத் தெரிந்த குரல். ஏழாம் லைன் டோக்கன். எடுத்தவர், ஜெனோவா, டைம் ஆபீஸ். எடுத்த நேரம் பத்து நாற்பத்தெட்டு. வைத்த நேரம் பதினொன்று பத்து. எடுக்கும்போது பேச்சியம்மாள் மிஷினில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, அது முதலில் அவருக்கு என்று அர்த்தம், அதைப் பார்த்தும் எடுத்தேன். சூப்பர்வைசர் திட்டும்போது அவர் பின்னால் நின்று ஆணியில் மாட்டினேன்.

விஸ்வேஸ்வரன் சார், ஜெனோவா, உங்களுக்கு டோக்கனே தேவையில்லையே, என்றார், கோபமாக அல்ல, உண்மையாகவே புரியாமல். தேவையில்லை சார், என்றேன். அதை எப்படி விளக்குவது, நாலாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பின்ன எதுக்கு எடுத்தீங்க, அதுக்குக் காரணம் என்ன, என்று வக்கீல் கேட்டார், இப்போது தூக்கம் இல்லை. நாலாவது கட்டம். இரண்டு வருஷமாக நான் புள்ளி வைத்துத் தாண்டிய கட்டம். பால், என்றேன். கோகிலாவின் விரல் நின்றது. அவளுக்கு இருபத்திரண்டு வயது, அவள் என்னைப் பார்த்தாள், வக்கீலைப் பார்த்தாள். பால்னு எப்படி சார் போடுறது, என்றாள்.

சுவர் ஓரத்திலிருந்து பேச்சிக்கா சொன்னாள், அப்பிடியே போடு பாப்பா, பா, லு.

வக்கீல் தடுக்கவில்லை, கோகிலா தட்டினாள். நாலு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நான் கையெழுத்துப் போட்டேன், முத்து மாதிரி இல்லை. கடைசிப் பக்கத்தில் பேச்சிக்காவும் போட்டாள், ஒவ்வோர் எழுத்தாக, காலர் திருப்புகிற கவனத்தோடு. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. இவள் வேலை என்ன ஆகும், என் காகிதம் என்ன ஆகும், ஒன்றும் அந்த நாலு பக்கத்தில் இல்லை. நீங்கள் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. விஸ்வேஸ்வரன் சார் மூடிய பேனாவைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டிருந்தார். மார்பு மறுபடி கல்லாகக் கட்டியிருந்தது, நான் எழுந்தேன். யாரையும் கேட்கவில்லை. எதிர் அறையில் அவர் மேஜைக்குப் பின்னால், சாவிகள் தொங்குகிற பலகையில், காப்பகம் என்று ஒட்டிய சாவி மூன்றாவது கொக்கியில் இருக்கும். எடுத்துக்கொண்டேன். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வராந்தாவில் நடந்தேன், வாத்தும் முயலும் இருக்கிற அறை வரை.